வள்ளத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

பிள்ளைகளே,

பத்திரிகையில் போன கிழமை வந்த என் பகுதியைச் சத்தம் போட்டு வாசித்து முடித்த கையோடு என் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்தீர்கள். சின்னவன் அதைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் சினிமாப் படக்காரன் மாதிரி நின்றான். மூத்தவள்தான் கேட்டாள்: "அப்பா, பவர் கண்ணாடி இல்லாட்டி உங்களுக்கு வாசலில நிக்கிற ஆளையே தெரியாது. இது வெறும் கண்ணாடி. உங்களுக்கு உதவாது. ஏன் இவ்வளவு காலமாய் வைச்சிருக்கிறியள்?"

வாயால் சொல்லத் தொடங்கினேன். சரிவரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று: அது களவெடுத்த சாமான் இல்லை. நான் வேலை செய்த கடையின் ஐயாவிடம் கேட்டு எடுத்தது. இரண்டாவது, அது உங்கள் பெரியப்பாவின் கண்ணாடியும் இல்லை. அவருக்கு விழுந்தது வெள்ளை.

அண்ணனின் தலை

திருகோணமலை நகரத்தில், உட்துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில், நான் வேலை செய்த கண்ணாடிக் கடை இருந்தது. பின்பக்கம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடுப்பில் ஒரு தாச்சி. தாச்சியில் கழுவிச் சலித்துக் காயவைத்த கடல் மணல். கண்ணாடிப் பிரேமின் காலை அந்தச் சூட்டு மணலில் புதைத்து எடுத்தால், பிடித்த பிடிக்கு வளையும். ஆளின் காதுக்குப் பின்னால் வைத்து, வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் என் வேலை.

அன்று கதிரையில் இருந்தவர் அண்ணன். எங்கள் ஊரான சாம்பல்தீவிலிருந்து சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சேட்டு எனக்குக் கலியாணம் முடிந்த நாளுக்குப் பிறகு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

அவருடைய தலையை அதற்கு முன் நான் தொட்டதில்லை. மூத்தவரின் தலையைத் தொட இளையவனுக்கு என்ன வேலை? இரண்டு கையாலும் பிடித்தபோதுதான் தெரிந்தது, காதுக்கு மேலே புடைத்த அந்த அகலம். அது எங்களைப் பெற்ற அப்புவின் தலை. எனக்கும் அதே தலைதான். கோயில் கூட்டத்தில் பின்னால் நின்று என்னை அண்ணனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு.

"டேய், காதைப் பிச்சுப் போடாத. மீன்ர செவுள் இல்லை இது."

"ஆடாமல் இருங்கோ அண்ணை."

"சுடுது."

"கடல் மண்தானே. உங்களுக்குப் பழகின சூடுதான்."

"காலுக்குப் பழக்கம். காதுக்கு என்ன தெரியும்?"

மாட்டி முடித்ததும் எழும்பி வாசலுக்குப் போனார். வீதி வெயிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டார்.

"ஒண்டும் மாறேல்லையே தம்பி. அதே வெயில்."

"ஓம் அண்ணை. வெள்ளைக் கண்ணாடி."

"சரி. விழுந்தது அதுதானே" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார். மீன்பிடிகாரன் கண்ணாடி போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க முன்கடை முதலாளி வெளியே வந்து நின்றார்.

அண்ணனின் இடது கண்ணில், மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து, சிவந்த சதை ஒன்று கருவிழியை நோக்கிப் படர்ந்துகொண்டிருந்தது. நான் பயந்தது அதற்குத்தான்.

அணியத்தில் நின்றவன்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கண்ணாடிக் கடைக்கு வருவதற்கு முன் நான் அண்ணனின் வள்ளத்தில் ஆள். எங்கள் வள்ளம் சிறியது, இரண்டு பேருக்கானது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், நான். பின்னால் துடுப்போடு அண்ணன். அணியத்தில் இருப்பவன் முன்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பறவை எங்கே இறங்குகிறது, தண்ணீர் எங்கே நிறம் மாறுகிறது என்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. குரல் மட்டும் முதுகில் வந்து படும்.

அண்ணன் வீட்டில் அதிகம் கதைக்க மாட்டார். அண்ணி சோறு போட்டுவிட்டுக் கேட்டதையே திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்பா. வள்ளத்தில் ஏறினால் வேறு ஆள். கண்டது, கேட்டது, ஊரில் எவன் எவனோடு கோபம் என்பது, அப்பு அடித்த அடிகள், எல்லாம் என் முதுகுக்குச் சொல்லுவார். நான் கடலைப் பார்த்துக்கொண்டே சிரிப்பேன்.

பிறகு பிறகு, பறவை இறங்குவதை அவர்தான் முதலில் கண்டார். பின்னால் இருந்து.

"தம்பி, வலப்பக்கம் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் அண்ணை."

"எத்தினை இறங்குது?"

நான் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். கரைக்கு வந்ததும், உடுப்பு மாற்றச் சொல்லி, சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு உப்புவெளி தாண்டி நகரத்துக்கு மிதித்தார். கல்யாண வயதில் இருந்தவனை பாரில் வைத்து மிதித்துக்கொண்டு போனால் சனம் சிரிக்காதா? சிரித்தது.

கண் பார்க்கிற ஐயா என் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து, வில்லை வில்லையாக மாற்றிப் போட்டார். பிறகு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் தட்டில் ஒருவன் பனியன் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். கப்பலிலும் மனிதர்கள் தோய்த்துக் காயப்போடுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கண்ணாடியோடு மறுநாள் கடலுக்குப் போனேன். ஒரு அலை தெறித்தது. காய்ந்து உப்பானது. இடுப்பில் நனைந்து கிடந்த சாரத்தால் துடைத்தேன். இன்னும் மோசம். கழற்றினாலும் தெரியாது, போட்டாலும் தெரியாது.

கொஞ்ச நாள் அண்ணன் பொறுத்தார். ஒருநாள் வள்ளத்தை இழுத்துவிட்டு நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, நீ கரையில நில்லு."

அதற்கு மேல் கதை இல்லை. கடையில் ஆள் தேவை என்று ஐயாவிடம் முன்னமே விசாரித்து வைத்திருந்தார். அணியத்துக்குத் தங்கராசா வந்தான். எங்கள் ஊர்ப் பெடியன்தான், என் வயதுக்காரன். ஒல்லி. மாங்கொட்டை மாதிரி ஒடுங்கிய தலை. நல்ல கண்.

அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பலாம். உங்கள் அம்மா நம்ப மாட்டா.

ஐயாவின் கேள்வி

ஐயா டாக்குத்தர் இல்லை. சீமைக்குப் போய்க் கண் சோதிக்கப் படித்தவர். பார்த்து, கண்ணாடி கொடுப்பார். வெட்டுகிற வேலை ஆஸ்பத்திரிக்கு. வெள்ளைக்கார நேவிக்காரர் இருந்த காலத்தில் கடை நிறைய ஆள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு, காத்திருக்கிறவர்களின் மர வாங்கில் இருப்பதற்குச் சனம் குறைந்தது. அவர்களுக்காக வரவழைத்த கறுப்பு வில்லைகள் ஒரு பெட்டி நிறைய மிச்சம் கிடந்தன.

மீன்பிடிகாரர் பலருக்குக் கண்ணில் அந்தச் சதை வரும். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வெட்டிவிடுவார்கள். சிலருக்குத் திரும்ப வளரும். திரும்ப வருவார்கள். ஐயாவுக்கு அது பெரிய மனவருத்தம். "நான் என்ன தபால்காரனோ? இங்க வாறவனை அங்க அனுப்பிறதுக்கு மட்டும் இருக்கிறன்" என்பார்.

வெயிலும் கடல் பளபளப்பும்தான் காரணம் என்று அவருக்கு ஒரு எண்ணம். கறுப்புக் கண்ணாடி போட்டால் சதை வளர்வது குறையுமா? அதைச் சோதித்துப் பார்த்து, சரியாக வந்தால் சீமையில் உள்ள சஞ்சிகைக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

சதை உள்ளவர்களைக் கூப்பிட்டார். பாதிப் பேருக்குக் கறுப்பு. பாதிப் பேருக்கு அதே பிரேமில் வெள்ளை. ஒரு சோளகக் காற்றும் ஒரு வாடைக் காற்றும் அடித்து ஓயும்வரை, கிட்டத்தட்ட ஒரு வருசம், போட வேண்டும். மாதாமாதம் பூதக்கண்ணாடியால் பார்த்து, சதை எங்கே நிற்கிறது என்று அளப்பார்.

யாருக்கு எது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. ஒரு பால்மா டின்னுக்குள் கறுப்புப் பொத்தானும் வெள்ளைப் பொத்தானும் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடிக் கையை விட வேண்டும்.

தங்கராசாவுக்குச் சதை தொடக்கம்தான். அரிசி மணியளவு. அவன் கையில் கறுப்பு வந்தது. அண்ணனின் கையில் வெள்ளை.

அன்று எல்லோரும் போன பிறகு ஐயாவிடம் கேட்டேன். கறுப்பு வில்லைப் பெட்டி தட்டில்தான் இருந்தது. எட்டினால் கை படும்.

"ஐயா, அண்ணைக்குக் கூடப் படர்ந்திருக்கு. ஒரு கறுப்பு குடுத்தால் என்ன?"

ஐயா கோபிக்கவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார்.

"சிவம், கறுப்பு நல்லது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் நினைக்கிறன் எண்டு சொன்னனான். தெரியும் எண்டு சொல்லேல்லை. எல்லாருக்கும் கறுப்பைக் குடுத்து, நல்லாய் வந்தால், அது கறுப்பாலதான் வந்ததோ, வேற ஏதாலயோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? கூடப் படர்ந்தவனுக்குப் பாத்துப் பாத்துக் குடுத்தாலும் கணக்குப் பிழைக்கும். நல்லது எண்டு தெரிஞ்ச அண்டைக்கு முதல் கறுப்பு உம்மட அண்ணைக்கு. சரியோ?"

நான் தலையாட்டினேன். விளங்கியது. விளங்கினாலும், பிறகு எத்தனையோ நாள் தூசு தட்டும்போது அந்தப் பெட்டியை மட்டும் தட்டாமல் விட்டேன்.

அண்ணனிடம் போய், "ஐயாட்டத் திரும்பக் கேட்டுப் பாக்கட்டோ?" என்றேன்.

"கையை விட்டது நான். வந்தது வெள்ளை. பிறகென்ன கேள்வி?" என்றார். தங்கராசா பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வலைக்குள் குனிந்துகொண்டான்.

ஓம், போடுறனான்

கிழமைக்கு ஒருதரம் கரைக்குப் போய்க் கேட்டு வருவது என் வேலையாயிற்று. கண்ணாடி போடுகிறார்களா, உடைந்ததா, கழன்றதா.

உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் கேட்டே வாங்கினேன். வள்ளங்கள் வந்து சேரும் நேரம் பார்த்துப் போவேன். தூரத்தில் எங்கள் வள்ளம் தெரியும். அணியத்தில் ஒல்லியாய் ஒருவன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, அவர்களோடு சேர்ந்து வள்ளத்தை இழுப்பேன். இழுத்து முடிந்த பிறகும் மரத்திலிருந்து கையை எடுக்க மாட்டேன். ஈர மரம், மீன் செதில், தார் மணம். மாலையில் கடைக்குத் திரும்பினால் ஐயா முகத்தைச் சுளித்து யன்னலைத் திறப்பார்.

கரையில் நிற்கும்போது எல்லோரும் அவரவர் கண்ணாடியோடுதான் நிற்பார்கள். தங்கராசா கறுப்போடு. அண்ணன் வெள்ளையோடு.

"தங்கராசா, கண்ணாடி போடுறனியோ?"

"ஓம், போடுறனான்."

"அண்ணை?"

"ஓம் ஐயா, போடுறன் ஐயா" என்று அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். "சாம்பல்தீவுக்கு இன்ஸ்பெக்டர் வந்திட்டார், வாயைத் துடையுங்கோடா" என்று ஒருவர் கத்துவார்.

ஒருமுறை அண்ணனின் கண்ணாடிக் கால்கள் இரண்டையும் தூண்டில் நூலால் பின்பக்கமாகச் சேர்த்துக் கட்டியிருப்பதைக் கண்டேன்.

"ஏன் அண்ணை இது? லூசாய்ப் போச்சோ?"

"கடலுக்குள்ள விழாமலிருக்க."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. அவருடைய தலைக்கு நான் வளைத்த கண்ணாடி விழுமா?

நூல் முடிச்சு

காலம் முடிந்தது. எல்லோரையும் கூப்பிட்டு ஐயா கடைசி முறை அளந்தார். பழைய பிரேம்களைத் திருப்பி வாங்கினார். பிறகு கணக்குப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அவருக்குப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை.

"ஒரு வித்தியாசமும் இல்லை சிவம். கறுப்புப் போட்டவைக்கும் வெள்ளை போட்டவைக்கும் ஒரே மாதிரித்தான் வளர்ந்திருக்கு."

"அப்ப அண்ணைக்கு?"

"கறுப்பால பிரயோசனமில்லை எண்டுதான் எழுத வேணும். பிரயோசனமில்லாததை மூக்கில வைச்சுக்கொண்டு கடலுக்குப் போ எண்டு ஆருக்குச் சொல்லலாம்?"

அண்ணனின் சதை அப்போது கருவிழியின் விளிம்பைத் தொட்டு நின்றது. இன்னும் உள்ளே போனால் பார்வையை மறைக்கும். பார்வை போனால் அவருக்கும் யாராவது "கரையில நில்லு" என்று சொல்ல வேண்டும். அவருக்கு யார் சொல்லுவது? கரையில் நின்று அவர் என்ன செய்வார்?

பிரேம்களை நிமிர்த்தி, துடைத்து, விற்பனைத் தட்டில் வைக்கச் சொன்னார் ஐயா. தாச்சியில் மணலைச் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்தேன்.

தங்கராசாவின் கறுப்பு முதலில் வந்தது. அவனுடைய ஒடுங்கிய தலைக்கு நெருக்கி வளைத்தது நான். இப்போது கால் இரண்டும் விரிந்து கிடந்தன, அகன்ற தலை ஒன்று நாள்தோறும் வெயிலில் புகுந்து புகுந்து வந்தது போல. இந்தக் கண்ணாடி தங்கராசாவின் முகத்தில் இனி இறுக்கமாய் நிற்காது.

அண்ணனின் வெள்ளை அடுத்தது. அது விரியவில்லை. நான் வளைத்தபடியே இருந்தது. ஆனால் அந்த நூல் முடிச்சு. அண்ணனுக்கு நூல் தேவையில்லை. ஒடுங்கிய தலைக்காரனுக்குத்தான் தேவை.

மற்றவர்களுடையதையும் பார்த்தேன். ஒரே வள்ளத்துக்காரர் இருவருக்கு வேறு வேறு நிறம் விழுந்த இடத்திலெல்லாம் இதே கதை. ஒன்று விரிந்திருந்தது. மற்றதில் நூலோ, துணி நாடாவோ, ஈயப் பட்டையோ.

அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அண்ணன் வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"ஓம். மாறி மாறித்தான் போட்டனாங்கள். அதுக்கென்ன?"

"உங்களுக்கு வெள்ளை, அவனுக்குக் கறுப்பு எண்டெல்லோ சொன்னது."

"கரையில அப்பிடித்தானே போட்டம். ஒருநாள் பிழைச்சமோ? வள்ளத்தில ஏறினால் என்ர, உன்ர எண்டு இருக்கோ? தண்ணிப் பானை ஆருடையது? வெத்திலைப் பை ஆருடையது? போகேக்க ஒருத்தனுக்குக் கறுப்பு. மற்றவனுக்கு வெள்ளை. திரும்பி வரேக்க மாத்திறது." ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீயும் அணியத்தில நிண்டனீதானே. உனக்குத் தெரியாதோ?"

தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பனையோலைத் தொப்பியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டவர்கள் நாங்கள். கரைக்கு வந்து அவ்வளவு கெதியாய் மறந்துபோனேன்.

ஐயா கடற்கரைக்கு வந்த நாள்

மறுநாள் ஐயா தன் சின்னக் காரில் வந்தார். சப்பாத்துக்குள் மணல் போகப் போக நடந்து வந்தார். எல்லோரும் கூடினார்கள். பயம் இல்லை. பிழை செய்த ஆட்களுக்கல்லவா பயம் வரும்?

"ஐயா, கோபிக்காதையுங்கோ" என்று தங்கராசாதான் தொடங்கினான். "ஒருத்தன் நிழலுக்குள்ள இருக்க, மற்றவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்குள்ள இருந்தால், பிடிச்ச மீன் தொண்டைக்குள்ள இறங்குமோ? அதுவும் இவர் எனக்கு மூத்தவர். கேட்டவரோ? இல்லை. நான்தான் கழட்டி நீட்டினனான்."

"வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே" என்று ஐயா அண்ணனிடம் கேட்டார்.

"சொன்னனான் ஐயா. பிறகு அவன் திரும்பி இருந்துகொண்டு, வாங்கும் வரைக்கும் கடலைப் பாக்க மாட்டனெண்டிட்டான். அணியத்தில இருக்கிறவன் கடலைப் பாக்காட்டி நான் எப்பிடி வள்ளம் விடுறது?"

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் ஐயா குந்தினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தோம். சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி சிரித்தார்.

"பிழை உங்களில இல்லை. நான் கேள்வியைக் கரையில நிண்டு கேட்டிட்டன்."

பிறகு என்னிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "கறுப்பு உதவும் எண்டும் எழுத ஏலாது. உதவாது எண்டும் எழுத ஏலாது. ஒண்டும் எழுத ஏலாது சிவம்."

அந்தச் சஞ்சிகைக்கு அவர் எதையும் அனுப்பவில்லை. அதைப்பற்றி ஒரு நாளும் முறைப்பட்டதுமில்லை. கடைக்குத் திரும்பியதும் தட்டிலிருந்து பெட்டியை இறக்கினார். "எனக்குத் தெரியாதுதான். ஆனால் அது என்ர கண் எண்டால் நான் போடுவன்" என்றார். சதை உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்பு. முதலாவது அண்ணனுக்கு. சொன்ன சொல் அது.

ஆளுக்கொன்று

அண்ணனின் சதை கருவிழி விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடும்வரை உள்ளே போகவில்லை. கண்ணாடியால் நின்றதா, தானாக நின்றதா, ஐயா சொன்ன மாதிரி, சொல்ல ஏலாது. கடைசிக் காய்ச்சல் வருவதற்கு முதல் கிழமையும் கடலுக்குப் போனார். நீங்கள் கண்டது அந்தப் பெரியப்பாவைத்தான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரை.

புதுக் கண்ணாடிகள் கொடுத்துக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வேலையாக அல்ல. இனி அங்கே எனக்கு வேலை இல்லை. வள்ளத்தின் நிழலில் இருவரும் இருந்தோம்.

"கண்ணுக்குச் சுகமோ அண்ணை?"

"நல்ல சுகம். கூசேல்லை." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "வள்ளத்தில கதைதான் குறைஞ்சு போச்சு."

"ஏன்?"

"முந்தி கண்ணாடி மாத்த அவன் திரும்புவான். முகத்தைக் கண்டால் ஒரு கதை வரும். இப்ப ஆளுக்கொண்டு இருக்குது. அவன் அங்கால பாத்தபடி. நான் அவன்ர முதுகைப் பாத்தபடி."

பிறகு, என்னைப் பார்க்காமல், காலால் மணலைத் தள்ளிக்கொண்டு சொன்னார்:

"உனக்கெண்டால் நீ திரும்பாமலே சொல்லுவன். உன்ர முதுகு கேக்கும்."

பஸ் வந்துவிடும் என்று எழும்பினேன். நான் சைக்கிளில் வந்தவன் என்பது பாதி வழி நடந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்தேன். அவர் அதே இடத்தில் இருந்தார். சிரிக்கவில்லை.

தாச்சி

மறுநாள் பின்னேரம் ஐயா கோயிலுக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும்.

நிமிர்த்தாத பிரேம் ஒன்று மிச்சம் இருந்தது. தங்கராசாவின் பழைய கறுப்பு. மற்றதையெல்லாம் முடித்துத் தட்டில் வைத்துவிட்டேன். இதை மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடுப்பை மூட்டி மணலைச் சூடாக்கினேன். பிரேமைக் கையில் எடுத்தேன். கால் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாகக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்று என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அதை என் முகத்தில் போட்டேன்.

காதுக்கு மேலே சரியாக வந்து இருந்தது. நெருக்கவுமில்லை, வழுகவுமில்லை. ஒரு வளைப்பும் தேவைப்படவில்லை.

வில்லையில் உப்புப் பூத்திருந்தது. துடைக்கவில்லை. எதிர்ச் சுவரில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பலகையும் தெரியவில்லை. சுவர் மட்டும் அகலமாய், பச்சைக் கறுப்பாய், ஓரம் இல்லாமல் கிடந்தது.

அடுப்பை அணைத்தேன். மணல் ஆறட்டும் என்று விட்டேன். சனம் காத்திருக்கிற நீள வாங்கைத் தடவிப் பிடித்து, அதன் முன் நுனிக்குப் போய், இரண்டு பக்கமும் காலைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.